மஞ்சள் ட்ரேயில் என்னை வைத்த கதை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் வேலை செய்யும், பிறகுதான் மூளை. அம்மா இதை நேராகவே சொல்வாள். எங்கள் லைன் இன்சார்ஜ் வருடாந்திர மதிப்பீட்டில் கொஞ்சம் நாகரிகமாக எழுதுவார். என் வீட்டுக்காரி இரண்டு மொழியில் சொல்வாள். வீட்டுக்காரி என்றுதான் சொன்னேன், கை தவறி எழுதவில்லை. நானும் பெண், அவளும் பெண், மூக்கண்டப்பள்ளியில் ஒரு மாடி வீட்டில் பல வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம்.

எங்களைப் போன்றவர்களுக்கு ஓசூர் மாதிரித் தோதான ஊர் கிடையாது. இங்கே பாதிப் பேர் வேறெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். ஒரு வீட்டில் ஆறு ஆண்கள் இருப்பார்கள், அடுத்த வீட்டில் நாலு பெண்கள் இருப்பார்கள். எந்தக் கம்பெனி, எந்த ஷிப்ட் என்பதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. கீழ்வீட்டு ஓனரம்மா நாங்கள் அக்கா தங்கை என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். எனக்குத் தமிழ், அவளுக்குக் கன்னடம். அக்கா தங்கைக்கு எப்படி வேறு வேறு தாய்மொழி என்று அவருக்கு இதுவரை தோன்றவில்லை. அவர் வீட்டிலேயே தெலுங்கில் சமைத்து, கன்னடத்தில் பரிமாறி, தமிழில் திட்டுகிறார்கள்.

சாமல்பட்டிப் பக்கம் இருக்கும் என் அம்மாவுக்கு விஷயம் தெரியும். அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் ஊறுகாய் கொடுத்துவிடும்போது இரண்டு பாட்டில் வரும், ஒன்றில் காரம் குறைவாக இருக்கும். அந்தக் குறைந்த காரம் யாருக்கு என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரிக்கு ரோஜாத் தோட்டத்தில் வேலை. வெட்டி வரும் பூக்களைக் குளிர் அறையில் நின்று நீளம் பார்த்து, மொட்டு பார்த்து, பிரித்து வைப்பாள். எனக்கு பைக் கியர் பாகங்கள் செய்யும் கம்பெனியில், லைனின் கடைசியில் இருக்கும் ஆய்வு மேசை. அவள் பூவைக் கழிப்பாள், நான் இரும்பைக் கழிப்பேன். வீட்டுக்கு வாங்கி வரும் கத்திரிக்காயில் எது சொத்தை என்பதில்தான் எங்களுக்குள் சண்டை வரும். அவள் கன்னடத்தில் சண்டை போடுவாள், நான் தமிழில். சமாதானம் மட்டும் மொழி மாறி நடக்கும்.

என் மேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெஷினிலிருந்து வரும் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து, நல்லதைப் பச்சை ட்ரேயில் வைப்பேன். உருப்படாததைச் சிவப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டுவேன். நல்லதா கெட்டதா என்று சந்தேகம் இருந்தால் மஞ்சள் ட்ரே. முடிவு தெரியும்வரை அது அங்கேயே கிடக்கும், யாரும் தொடக் கூடாது. பன்னிரண்டாவது முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தவள் நான். அந்த மேசைக்கு வந்து சேர பல வருடம் ஆயிற்று. விளக்கு எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதுவரை நான் வைத்ததுதான் சட்டம். அந்த மேசையை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒரு நாள் காலைக் கூட்டத்தில், உடற்பயிற்சியும் பாதுகாப்பு உறுதிமொழியும் முடிந்த பிறகு, எச்.ஆர். சார் மைக்கைப் பிடித்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து புதிய கொள்கை வந்திருக்கிறதாம். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள் யாரையும் கேலி செய்யக் கூடாது. வேலையிலோ பதவி உயர்விலோ அவர்களிடம் பாகுபாடு கூடாது. சேர்ந்து வாழும் துணையை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கலாம். யாராவது கேலி பேசுவதைக் கேட்டால், கேட்டவர் உடனே தெரிவிக்க வேண்டும். மூச்சு விடாமல் வாசித்து முடித்துவிட்டு, "எனி டவுட்?" என்றார்.

"சார், பாகலூர் பஸ் அஞ்சு நிமிஷம் முன்னாடியே எடுத்துர்றான் சார்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மீதிக் கூட்டம் முழுக்க பாகலூர் பஸ்தான்.

கூட்டத்தின் நடுவில் நான் மட்டும் பஸ்ஸைக் கவனிக்காமல் நின்றேன். என்னைப் பற்றி ஒருவர் மைக்கில் பேசி நான் கேட்பது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, "ஹௌதா, நெஜமாவா? என் கடவாய்ப் பல்லுக்குக் குடுப்பாங்களா கேளு" என்றாள். நான் கேட்கவில்லை. அவளைக் காப்பீட்டில் சேர்க்கவும் இல்லை. கொள்கை மைக்கில்தான் இருந்தது, என் மேசை தரையில் இருந்தது. எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

வம்பு மாம்பழ சீசனில் தானாக வந்தது. எங்கள் லைனில் சிங்காரப்பேட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார், மூத்த ஆப்பரேட்டர். எல்லோருக்கும் அண்ணன். ஊரில் மாந்தோப்பு உண்டு, மனது அதைவிடப் பெரியது. ஒரே குறை, கல்யாணம் ஆகாதவர்களைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. இரண்டு வருடமாக எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஜாதகம் சரியில்லை, ராகு சரியில்லை, தோல் அலர்ஜி என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு டீ கவுன்டரில் ஒரு பை மாம்பழத்தை என் கையில் கொடுத்தார். கொடுத்த கையோடு ஆரம்பித்தார்.

"பையன் தங்கமான பையன்மா. டிராக்டர் சொந்தமா வெச்சிக்கினு ஓட்டறான். முன்னாடி முடி மட்டும் கொஞ்சம் கம்மி."

அன்று காலையிலிருந்தே எனக்கு இடுப்பு வலி. வாய் முந்திக்கொண்டது. "அண்ணா, போதும். எனக்கு வீட்ல ஆள் இருக்கு."

"அட, சொல்லவே இல்ல பாரு. பையன் என்ன பண்றான்?"

"பையன் இல்லண்ணா. பொண்ணு. ரோஜாத் தோட்டத்துல வேலை."

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றார். எங்கள் செட்டர் பையனின் குரல்தான் முதலில் வந்தது. மெஷினுக்கு டூல் மாட்டி அளவு வைப்பவன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன்.

"அப்பம் வீட்டுல யாருக்கா புருசன்?"

"சிலிண்டர் தூக்குறது அவ. பல்லியப் பாத்து ஓடுறது நான். நீயே முடிவு பண்ணிக்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "பல்லிக்கு நானும் ஓடுவேன்க்கா" என்று அவனும் சிரித்தான். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

வரிசையில் எங்கள் லைன் இன்சார்ஜும் நின்றிருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. நல்ல மனிதர். வீட்டில் தெலுங்கு, பதற்றம் வந்தால் கம்பெனியிலும் தெலுங்கு. உலகத்தில் எந்தப் பிரச்சனைக்கும் அவரிடம் ஒரே மருந்துதான், ஒய்-ஒய். அதாவது ஒரு தவறு நடந்தால் ஏன் என்று கேட்க வேண்டும், வந்த பதிலுக்கு மறுபடி ஏன், அதற்கும் ஏன், இப்படி ஐந்து ஏன் போனால் மூல காரணம் தெரிந்துவிடும். ஆள் மேல் பழி போடக் கூடாது என்பது அதில் சட்டம். ஒரு தடவை கேன்டீன் சாம்பாரில் பருப்பே இல்லை என்பதற்கு ஒய்-ஒய் நடத்தி, ஒப்பிட்டுப் பார்க்க சாம்பாருக்கு ஒரு மாஸ்டர் சாம்பிள் இல்லாததுதான் மூல காரணம் என்று கண்டுபிடித்தவர் அவர்.

கேட்டவர் தெரிவிக்க வேண்டும் என்று கொள்கையில் இருக்கிறதல்லவா? செட்டர் கேட்டதை அவர் தெரிவித்துவிட்டார். மறுநாள் நான் உள்ளே நுழையும்போதே வாசலில் நின்றார்.

"நீ மேல ஆபீசுக்குப் போயிடும்மா. விசாரணை முடியிற வரைக்கும். உன் பாதுகாப்புக்குத்தான்."

"என் மேசை?"

"அதுக்கு ஆள் போட்டாச்சு."

எனக்குச் சுருக்கென்று புரிந்தது. கஸ்டமரிடமிருந்து புகார் வந்தால் முதல் வேலை, சந்தேகப்பட்ட பாகத்தைத் தனியாக எடுத்து வைப்பது. "சார், மஞ்சள் ட்ரேயா?" என்று கேட்டேன்.

"கன்டெய்ன்மென்ட்மா. உனக்குத் தெரியாததா" என்றார், மனதார.

"பேசினது செட்டர். அவனைத்தானே சார் ஒதுக்கணும்?"

"அவன் இல்லைன்னா மெஷின் நின்னுடும்மா."

மேலே ஏசி அறை. சக்கரம் வைத்த நாற்காலி. பயிற்சி விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. டீ இருக்கும் இடத்துக்கே வந்தது. எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள், வீட்டில் சாவு விழுந்தவளிடம் பேசுவது போல. கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே என் மேசை தெரிந்தது. புதிதாக வந்த பெண் ஒருத்தி விளக்கைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் எச்.ஆர். சார் என் பக்கத்தில் வந்து, "இங்க செட் ஆயிட்டீங்கன்னா இங்கயே பெர்மனென்ட்டா போட்டுரலாம் மேடம். உங்களுக்கும் சேஃப்" என்று புன்னகைத்தார். அவர் நல்லதுதான் நினைத்தார். எனக்கு அந்தச் சக்கர நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடி மேல் போடலாம் போல இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அவள் முதலில் சிரித்தாள். "ஏசி ரூமா? நான் வருஷம் பூரா குளிர் ரூம்ல நின்னு நடுங்கறேன், எனக்கு யாரும் சேர் குடுக்கல கணே." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். ஏசி கிடைத்ததற்காக அழுத ஆள் ஓசூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் மேசை போய்விடும் என்று பயமாக இருந்தது. என்னைக் கெட்டவள் என்று சொல்லித் துரத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நல்லவள், பாவம் என்று சொல்லி எடுத்துவிட்டால் யாரோடு சண்டை போடுவது?

அவள் என் தலையைத் துவட்டுவது போலத் தேய்த்துவிட்டு, "உங்க சார் எல்லாத்துக்கும் ஏன் ஏன்னு கேப்பாரே. இதுக்கு யாக்கே கேக்கல?" என்றாள்.

கேட்கத்தான் போகிறார் என்று மறுநாள் தெரிந்தது. ஆனால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்பதால் என்னை விட்டுவிட்டு நடத்தப் போகிறார்களாம். விறுவிறுவென்று கீழே இறங்கி இன்சார்ஜ் முன் நின்றேன்.

"சார், ஒய்-ஒய்னா பிரச்சனை நடந்த இடத்துலதான் பண்ணணும், அப்ப அங்க இருந்தவங்க எல்லாரும் இருக்கணும். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு அவர் மதத்தின் மந்திரத்தையே நான் சொல்லிவிட்டேன், மறுக்க வழியில்லை. அப்படியாக, சக்கரம் வைத்த வெள்ளைப் பலகை டீ கவுன்டருக்கு உருண்டு வந்தது. இன்சார்ஜ், எச்.ஆர். சார், செட்டர், அண்ணன், நான். டீ மாஸ்டரும் சாட்சி என்ற முறையில் பாலைக் காய்ச்சியபடி நின்றார். 'டீ நேரத்தில் தவறான பேச்சு' என்று பலகையின் தலையில் எழுதினார் இன்சார்ஜ்.

"ஒண்ணு. ஏன் அப்படிக் கேட்ட?"

"தெரியாமத்தான் சார் கேட்டேன்" என்றான் செட்டர். "ரெண்டு பொம்பளையாளுக ஒரு வீட்டுலன்னா எப்படின்னு நெசமாவே தெரியாது."

"ரெண்டு. ஏன் தெரியாது? மீட்டிங்ல சொன்னாங்கல்ல?"

"அன்னைக்கு பாகலூர் பஸ்ஸப் பத்தித்தான சார் பேசுனோம்."

எச்.ஆர். சார் தன் செல்போனில் ஏதோ அவசரமாகத் தேடினார். இன்சார்ஜ் அதையும் எழுதிக்கொண்டார்.

"மூணு. எந்துக்கு? ஏன் பஸ்ஸைக் கேட்டீங்க, இதைக் கேக்கல?"

"நம்ம கம்பெனில அப்படி யாரும் இல்லன்னு நெனச்சோம் சார்."

"நாலு. ஏன் அப்படி நெனச்சீங்க?"

அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார். டீ கவுன்டரில் அன்று டம்ளரை வைத்துவிட்டுப் போனவர், அதன்பிறகு பேசியது அதுதான் முதல் தடவை. பலகையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இவ சொல்லல, அதான். ரெண்டு வருசமா எடம் பாக்கறேன். எத்தினி வீட்ல காபி குடிச்சிக்கினு, பொண்ணு தங்கம்னு சொல்லிட்டு வந்திருப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டனா? என்கிட்ட ஏம்மா சொல்லல?"

இன்சார்ஜ் அதையும் நாலாவது ஏனோடு சேர்த்து எழுதினார். எனக்கு வாய் வரை ஒரு கிண்டல் வந்தது, அந்த மாப்பிள்ளையின் முடியைப் பற்றி. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளேயே நின்றுவிட்டது. அவருக்குக் கோபம் இல்லை. அவருக்கு வலித்திருந்தது.

"பயம்ணா" என்றேன்.

"என்ன பயம்? நான் கடிச்சிடுவேனா?"

"தெரிஞ்சா என்னை லைன்ல இருந்து தூக்கிடுவாங்கன்னு பயம்."

இன்சார்ஜ் பலகையில் 'பயம்: லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள்' என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். எழுதி முடித்ததும் பழக்கதோஷத்தில், "அஞ்சு. ஏன் அப்படிப் பயந்த..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். மார்க்கர் பலகை மேலேயே இருந்தது. மேலே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் என் சக்கர நாற்காலி காலியாகத் தெரிந்தது.

பால் பொங்கியதும் டீ மாஸ்டர் அடுப்பை அணைத்தார்.

"அதான் தூக்கிட்டீங்களே சார்" என்றான் செட்டர், மெதுவாக.

இன்சார்ஜ் மார்க்கரை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். ஆள் மேல் பழி போடக் கூடாது என்ற சட்டம் அன்றைக்கு அவருக்கே தேவைப்பட்டது. கடைசியில் என் பக்கம் திரும்பி, "நான் உன்னைக் காப்பாத்தறேன்னு நெனச்சேன்மா" என்றார்.

"தெரியும் சார். எனக்கு என் மேசைதான் சார் வேணும்."

"போ."

"சார், ப்ரொசீஜர்படி..." என்று எச்.ஆர். சார் இழுத்தார்.

"ப்ரொசீஜர் நாளைக்கு" என்றார் இன்சார்ஜ். நான் அதற்குள் பாதித் தூரம் போயிருந்தேன். புதுப் பெண் எழுந்து நின்று வழிவிட்டாள், நான் விளக்கைத் திருப்பி வைத்தேன்.

பிறகு கம்பெனி திருந்திய விதம் தனிக் கூத்து. எச்.ஆர். சார் கொள்கையை மறுபடி, இந்த முறை தமிழ், கன்னடம், தெலுங்கு என்று ஒவ்வொரு காலையும் ஒரு மொழியாகச் சொன்னார். அந்த நாட்களில் பஸ்ஸைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. புகார் வந்தால் யார் மேல் புகாரோ அவரைத்தான் இடம் மாற்ற வேண்டும், மெஷின் நின்றாலும் சரி என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. செட்டர் வந்து, "மன்னிச்சிருங்கக்கா" என்றான். மன்னித்த கையோடு அவனிடம் எங்கள் வீட்டுக் குளியலறைப் பல்லிக்கு ஒரு வழி கேட்டேன். அவனும் ஓடுகிறவன்தானே, வழி தெரியவில்லை. என் வீட்டுக்காரியைக் காப்பீட்டில் சேர்த்தேன். பல்லுக்குக் கிடையாதாம். "இதுக்கா இவ்ளோ ரகளை" என்றாள்.

அண்ணன் மட்டும் என்னிடம் பேசவில்லை. கண்ணில் பட்டால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். மாம்பழமும் வரவில்லை. மேசை திரும்பி வந்த சந்தோஷத்தில் பாதியை அது தின்றுவிட்டது.

ஒய்-ஒய் முடிந்தால் எடுத்த நடவடிக்கை பலிக்கிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதும் சட்டம். அதனால் இன்சார்ஜ் தினமும் காலையில் என் மேசைக்கு வருவார். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்பார். "இல்ல சார்" என்பேன். நிம்மதியாகப் போவார். வாரக்கணக்கில் இப்படியே ஓடியது.

சீசன் முடியப் போகும் ஒரு நாள் அவர் கேட்டதும், "ஆமா சார், ஒருத்தர் சொன்னார்" என்றேன்.

அவர் கை தானாகச் சட்டைப் பையில் மார்க்கரைத் தேடியது. "யாரு? எந்துக்கு? என்ன சொன்னாங்க?"

"அண்ணன்தான் சார்." மேசைக்கு அடியில் இருந்த இரண்டு பைகளைக் காட்டினேன், ஒவ்வொன்றிலும் மாம்பழம். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு உன் வீட்டுக்காரிக்குன்னார். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சிங்காரப்பேட்டைக்குச் சாப்பிட வரணுமாம். யாருன்னு வீட்ல சொல்லிட்டாராம், அக்கா தங்கச்சின்னு வந்து கதை விடாதன்னார்."

இன்சார்ஜ் இரண்டு பைகளையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கியிருந்ததை அவர் பார்க்காதது போல நின்றது அவருடைய பெருந்தன்மை.

"இதை எங்கம்மா எழுதறது?" என்றார்.

"எழுத வேணாம் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது. பீஸ் வருது."